மறைத்தலும் வாய்மையும்

கலைகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் மனிதனை மயக்குகின்றன. நாடக மேடையில் வெட்டுண்டு விழும் அரசன் திரை விழுந்ததும் எழுந்து சென்று தேநீர் அருந்துகிறான். ஓவியன் தட்டையான சீலையில் ஆழமான பள்ளத்தாக்கைக் காட்டுகிறான். ஆயினும் அக்கலைகளில் மயக்கம் ஒரு கருவியே. மயக்குவதையே தன் முழு நோக்கமாகக் கொண்ட கலை ஒன்று உண்டு. அதுவே மாயவித்தை. தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களே இதன் இயல்பைப் புலப்படுத்தும். கண்கட்டு வித்தை என்கிறோம்; காண்பவனின் கண் திறந்திருக்கும்போதே கட்டப்பட்டு விடுகிறது. செப்பிடு வித்தை என்கிறோம். செப்பு என்னும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் கீழ் உருண்டைகளைத் தோன்றவும் மறையவும் செய்யும் ஆட்டத்திலிருந்து பிறந்த பெயர் அது. உலகின் மிகப் பழைய வித்தைகளுள் ஒன்றான அதனை மேலைநாட்டாரும் கிண்ணமும் பந்தும் என்றே அழைக்கின்றனர்.

இக்கலைக்கும் திறனாய்வு உண்டு என்பதைப் பலர் அறியார். அமெரிக்காவில் 1902 முதல் 1953 வரை வெளிவந்த ‘ஸ்ஃபிங்ஸ்’, அந்நாட்டிலேயே 1936இல் தொடங்கப்பெற்ற ‘ஜீனி’, இங்கிலாந்தில் 1946 முதல் 2009 வரை நடந்த ‘ஆப்ரகடாப்ரா’ முதலிய இதழ்கள் வித்தைக்காரர்களுக்காகவே நடத்தப்பெற்றவை. அவற்றைப் படிப்போர் வித்தையைக் கண்டு வியந்து வீடு திரும்பும் பொதுமக்கள் அல்லர்; வித்தை பழகுவோரும் அதில் தணியாத பற்றுடையோருமே. புதிதாக விற்பனைக்கு வரும் வித்தைகளையும், கருவிகளையும், விளக்க நூல்களையும், மேடை நிகழ்ச்சிகளையும் ஒரு வித்தைக்காரர் ஆராய்ந்து, தம்மைப் போன்ற பிறர்க்கு எடுத்துரைப்பது அவ்விதழ்களின் வழக்கமான பகுதி.

இங்கே ஓர் அறச்சிக்கல் எழுகிறது. வித்தையின் மறைபொருளை வெளியிடேன் என்று உறுதி பூண்டவர் அந்த மதிப்புரையாளர். உள்ளதை உள்ளவாறு சொல்வேன் என்று உறுதி பூண்டவரும் அவரே. இவ்விரண்டு உறுதிகளையும் ஒருவரே காத்து நிற்றல் இயலுமா? மறைத்தலும் வாய்மையும் ஒரே நாவில் குடியிருக்குமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறியதொரு கூட்டத்தாரின் பொழுதுபோக்கைப் பற்றிய வினாவாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், மதிப்பிடுதல் என்னும் செயலைச் செய்யும் எவர்க்கும் உரிய வினா இஃது என்பது விளங்கும்.

மூடிய பெட்டியை விற்கும் சந்தை

இரகசியம் விந்தையானதொரு சரக்கு. துணி வாங்குவோன் அதைத் தடவிப் பார்க்கிறான். மாம்பழம் வாங்குவோன் முகர்ந்து பார்க்கிறான். இரகசியத்தை வாங்குவோனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. முன்னரே பார்த்துவிட்டால் வாங்க வேண்டிய தேவை இராது. வாங்கிய பின் மனநிறைவு இல்லையெனில் திருப்பித் தரவும் இயலாது. பெட்டியைத் திருப்பித் தரலாம்; அறிந்துகொண்ட செய்தியை எங்ஙனம் திருப்பித் தருவது?

விற்பவன் இந்நிலையை நன்கு அறிவான். ‘கைத்திறன் சிறிதும் வேண்டா’, ‘காண்போர் திகைத்துப் போவர்’ என்பன போன்ற சொற்களால் விளம்பரம் நிரம்பும். அவற்றுள் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆயினும் சொல்லாமல் விட்ட செய்தியில் ஏமாற்றம் பதுங்கியிருக்கும். ஒருமுறை செய்து காட்டிய பின் மறுமுறைக்கு ஆயத்தம் செய்ய அரைமணி நேரம் ஆகும் என்பதும், மங்கிய ஒளியில் மட்டுமே அது செல்லும் என்பதும், இடப்புறம் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்பதும் பணம் கொடுத்த பிறகே தெரியவரும்.

இச்சந்தையில் பெட்டியின் உள்ளும் புறமும் கண்டவராய், அதனை விற்றுப் பயன் பெறாதவராய் நிற்பவர் மதிப்புரையாளர் ஒருவரே. ஏனையோர் அனைவரும் அவர் கண்ணால் பார்க்கின்றனர். பள்ளிச் சிறுவன் ஒருவன் மாதக்கணக்கில் சேர்த்த காசு அவருடைய ஒரு வரியை நம்பிச் செலவாகலாம். எனவே அவர் எழுதுவது வெறும் கருத்துரையாகாது, அது சான்றுரையாகும். சான்று பகர்வோன் பொய்த்தால் வழக்கே பொய்த்துவிடும் அன்றோ?

எதை மறைக்கலாம்? எதை மறைக்கலாகாது?

நன்னூலார் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்தபோது குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் முதலில் நிறுத்தினார். மாயவித்தை மதிப்புரையில் ஒரு புதுமையைக் காண்கிறோம். இங்கே குன்றக் கூறல் ஓரிடத்தில் கடமையாகிறது, மற்றோரிடத்தில் பெருங்குற்றமாகிறது. அவ்விடங்களைப் பிரித்தறிவதே இத்துறையின் அறம்.

வித்தை செய்யப்படும் முறையைச் சொல்லாமல் விடுவது கடமை. இது பொய்யாகாது. ஏன்? ஒன்று இங்கே மறைக்கப்படுகிறது என்பதைப் படிப்பவன் அறிவான். அதற்கு உடன்பட்டே படிக்கிறான். தேர்வு வினாத்தாளை முன்னரே கண்ட ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வினாக்கள் யாவை என்று மாணவன் கேட்டால் அவர் வாய் திறவார். அதனால் அவரைப் பொய்யர் என்று எவரும் கூறார். ஆனால் கடினமான வினாத்தாளை எளிது என்று அவர் சொல்லி, அதை நம்பிய மாணவன் படியாமல் போய்த் தோற்றால், அவர் வாய்மை தவறியவராவார். வாய்மைக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவரும் பிறர்க்குத் தீங்கு விளையாத சொல் என்றே அதனை உணர்த்தினார். முறையை மறைப்பதால் எவர்க்கும் தீங்கில்லை. தரத்தை மறைத்தால் நம்பியவனுக்குத் தீங்கு. கோடு இங்கேதான் விழுகிறது.

முறையைச் சொல்லாமல் தரத்தைச் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் உண்டு. தாராளமாக முடியும். காண்பவர் கண்ணுக்கு என்ன நிகழ்கிறது, எத்தனை பேர் முன்னிலையில் செய்யலாம், எந்தப் பக்கத்தில் மக்கள் அமரலாகாது, பழகுவதற்கு நாள்கள் போதுமா திங்கள்கள் வேண்டுமா, கருவி உறுதியாகச் செய்யப்பட்டதா, உடன் வரும் விளக்கக் குறிப்பு தெளிவாக உள்ளதா, விளம்பரம் சொன்னதெல்லாம் நடக்கிறதா, அவ்விலை தகுமா என்பனவற்றை எல்லாம் முறையைத் தொடாமலே சொல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். அமெரிக்க வித்தைக்காரர் டெல்லர் என்பார் ‘நிழல்கள்’ என்னும் பொருள்படும் ஒரு வித்தையைப் பல்லாண்டுகள் நிகழ்த்தி வந்துள்ளார். மேடையில் ஒரு குவளையில் ரோசாப்பூ ஒன்று நிற்கிறது. அதன் நிழல் பின்னாலுள்ள திரையில் விழுகிறது. அவர் கத்தியைக் கொண்டு பூவைத் தொடவில்லை, நிழலைத்தான் வெட்டுகிறார். நிழலில் எந்த இதழ் வெட்டுப்படுகிறதோ, அந்த இதழ் உண்மைப் பூவிலிருந்து உதிர்ந்து விழுகிறது. இவ்வளவு சொல்லியும் முறையைப் பற்றி ஒரு சொல்லும் நாம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க. எனினும் வித்தையின் அழகு படிப்பவனைச் சென்றடைந்துவிட்டது.

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். மறைபொருள் வாயிலாக மட்டும் கசிவதில்லை. பாராட்டின் வழியாகவும் கசியும். ‘இன்ன பழைய வித்தையின் புதிய வடிவம்’ என்று எழுதினால், பழையதை அறிந்தவன் புதியதையும் அறிந்துவிடுவான். பெட்டியின் எடையைக் குறிப்பிட்டாலே உள்ளிருப்பதை உய்த்துணரும் வாசகர்கள் அவ்விதழ்களுக்கு உண்டு. சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்த்து எழுத வேண்டிய பணி இது.

யாருடைய இரகசியம்?

மறைபொருளைக் காக்க வேண்டும் என்கிறோம். யாருக்காகக் காப்பது? லண்டனில் 1905ஆம் ஆண்டு தோன்றிய ‘மேஜிக் சர்க்கிள்’ என்னும் வித்தைக்காரர் சங்கம், இரகசியங்களை வெளியிட ஒப்பாமை என்னும் கருத்தமைந்த இலத்தீன் தொடரைத் தன் குறிக்கோளுரையாகக் கொண்டது. அச்சங்கத்தின் முதல் தலைவராக விளங்கியவர் டேவிட் டெவன்ட். அவரே 1930களில் தம்முடைய சொந்த வித்தைகளின் முறைகளைப் பொது இதழில் எழுதியபோது சங்கம் அவரை நீக்கிற்று. தாமே படைத்ததைத் தாமே சொல்லவும் உரிமை இல்லையோ என்று நாம் வியக்கலாம். ஒரே முறையைப் பலர் மேடையில் நம்பி வாழ்கின்றனர். ஒருவர் திறந்த கதவு அனைவர் வீட்டுக்கும் கதவாகிவிடும் என்பது சங்கத்தின் எண்ணமாக இருந்திருக்கலாம்.

ஆயினும் முற்றிலும் மூடிவைத்த கலை அழிந்தே போகும். அங்கம் அங்கமாக மறைத்து, மகனுக்கும் சொல்லாமல் மாண்ட கைவினைஞர்களால் எத்தனை மருந்துகளும் கலைகளும் நம்மிடையே மறைந்தன என்பதை நாம் அறிவோம். 1876இல் பேராசிரியர் ஹாஃப்மன் என்னும் புனைபெயரில் ஏஞ்சலோ லூயிஸ் என்ற வழக்கறிஞர் ‘நவீன வித்தை’ என்னும் கருத்துடைய நூலை எழுதி, மேடை வித்தைகளின் முறைகளை விரிவாக விளக்கினார். பின்வந்த வித்தைக்காரர் பலர் அந்நூலையே ஆசானாகக் கொண்டனர். கற்க விழைவோனுக்குக் கற்பிப்பது வேறு. வழியே போவோனிடம் உளறுவது வேறு. முன்னது கலையை வளர்க்கும். பின்னது வியப்பைக் கொல்லும்.

இவ்விடத்தில் மதிப்புரையாளருக்கு மற்றொரு கடமையும் பிறக்கிறது. படைத்தவன் பெயரைக் காப்பதே அது. முறை மறைவாக இருப்பதால், அதனைத் திருடுவதும் மறைவாகவே நடக்கிறது. பிறர் வித்தையைச் சிறிது மாற்றித் தன் பெயரில் விற்பவனைப் பொதுமக்கள் கண்டுபிடிக்க இயலாது. சட்டமும் ஓரளவே துணை நிற்கும். மேலே குறித்த ‘நிழல்கள்’ வித்தையை டெல்லர் 1983இல் ஒரு நாடகப் படைப்பாகப் பதிவு செய்திருந்தார். அதனை ஒத்த வித்தையை விற்க முன்வந்த ஐரோப்பியக் கலைஞர் ஒருவர்மீது 2012இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2014இல் தீர்ப்பு டெல்லருக்குச் சார்பாக அமைந்தது. வித்தை என்ற அளவில் அதற்குப் பதிப்புரிமை இல்லை. ஊமைக்கூத்துப் போன்ற நாடகப் படைப்பாக அமைந்ததால்தான் அதற்குக் காப்பு உண்டு என்று நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. ஆகவே, சட்டம் கைவிடும் இடத்தில் படைப்பாளனுக்குக் காவலாக நிற்பது துறையறிந்த மதிப்புரையாளரின் நினைவாற்றலே. ‘இதன் மூலவர் இன்னார்’ என்று எழுதும் ஒரு வரி, நீதிமன்றம் வழங்க இயலாத நீதியை வழங்குகிறது.

அறிந்தவன் கண்

மதிப்புரையாளருக்குப் பெரும்பகை அவருடைய அறிவே. ஆயிரம் வித்தைகளை அறிந்த ஒருவர் ஆயிரத்தோராவது வித்தையைப் பார்க்கும்போது ‘நான் ஏமாந்தேனா?’ என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். இல்லையெனில் வித்தை தாழ்ந்தது என்கிறார்.

எந்த வித்தையையும் மூன்று முறை காட்டினால் கண்டுபிடித்துவிடுவேன் எனப் பெருமை பேசியவர் ஹூடினி. அவரிடம் 1922இல் சிகாகோவில் டாய் வெர்னன் என்பார் ஒரு சீட்டு வித்தையைக் காட்டினார். அடையாளமிட்ட சீட்டைக் கட்டின் உள்ளே செருகினாலும் அது மேலே வந்து நின்றது. பலமுறை கண்டும் ஹூடினி தோற்றார். ஹூடினியை ஏமாற்றியவர் என்ற பட்டம் வெர்னனுக்கு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. வித்தைக்காரர்களிடையே இதனினும் பெரிய புகழ் இல்லை. ஆனால் வித்தை படைக்கப்பட்டது வித்தைக்காரர்களுக்காகவா?

இதற்கு மறுபுறத்தையும் நோக்குவோம். 1956 ஏப்ரல் 9ஆம் நாள் வங்காள வித்தைக்காரர் பி. சி. சர்க்கார், பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை இயந்திர வாளால் இரண்டாக அறுத்துக் காட்டினார். அறுத்து முடித்தபின் அப்பெண் எழவில்லை. அந்நேரத்தில் நிகழ்ச்சி சட்டென்று முடிவுற்றது. கொலை நடந்துவிட்டதோ என்று அஞ்சிய மக்களின் தொலைபேசி அழைப்புகள் அந்நிலையத்தைத் திணறச் செய்தன. பெண்ணை அறுக்கும் வித்தை புதியதன்று. 1921 சனவரியிலேயே லண்டனில் செல்பிட் என்பார் பொதுமேடையில் செய்துகாட்டியதுதான். கருவியை மட்டும் பார்க்கும் மதிப்புரையாளர் ‘முப்பத்தைந்தாண்டுப் பழைய சரக்கு’ என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பார். வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பதறிய மக்களின் நெஞ்சை அவர் கண்டிருக்கமாட்டார்.

ஆகவே, இத்துறையில் நேர்மை என்பது கண்டதைச் சொல்வதோடு நிற்பதில்லை. தாம் காண முடியாததை, அதாவது அறியாதவன் காணும் வியப்பை, முயன்று கற்பனையில் கண்டு சொல்வதும் நேர்மையின் பகுதியே. தேர்ந்த மதிப்புரையாளர் மேடையைப் பார்ப்பதோடு, திரும்பி அவையோரின் முகங்களையும் பார்க்கிறார். பாலர் வகுப்புக்கு எழுதிய பாடலை முதுகலைப் பட்டம் பெற்றவர் தம் சுவைக்கு ஒவ்வாது எனத் தள்ளுவது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை பார்வையாளரை மறந்த வித்தை மதிப்புரை.

நட்பும் பகையும்

வித்தைக்காரர் உலகம் சிறியது. மதிப்பிடுபவரும் மதிப்பிடப்படுபவரும் ஒரே மாநாட்டில் அருகருகே அமர்ந்து உண்பர். இன்று இவர் அவர் நூலை மதிப்பிட்டால், நாளை அவர் இவர் கருவியை மதிப்பிடுவார். இந்நிலையில் மதிப்புரை மொய்ப்பணம் போல் ஆகிவிடுகிறது. வைத்தவருக்குத் திருப்பி வைக்க வேண்டிய கடன்.

நட்பு ஒரு பக்கம் சாய்த்தால் பகை மறுபக்கம் சாய்க்கும். ஹூடினி 1906 முதல் 1908 வரை வித்தைக்காரர்களுக்கென ஓர் இதழை நடத்தினார். தம் போட்டியாளர்களைத் தாக்குவதற்கும் அவ்விதழை அவர் பயன்படுத்தினார். பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட் ஹூடினின் பெயரிலிருந்தே தம் மேடைப்பெயரை அமைத்துக்கொண்ட அவர், 1908இல் அதே முன்னோரை ஏமாற்றுக்காரர் எனத் தூற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அதில் அவர் திரட்டிய பழஞ்செய்திகள் பயனுடையவை. ஆனால் அவருடைய தீர்ப்பு மிகைபட்டது எனப் பிற்கால ஆய்வாளர் கருதினர். உழைப்பு மிகுந்தும் நடுநிலை குன்றினால் திறனாய்வு என்னாகும் என்பதற்கு அந்நூல் சான்று.

மிகைபடக் கூறலின் கொடுமைக்கு மற்றொரு சான்றும் உண்டு. 1890இல் ‘சிகாகோ டிரிபியூன்’ நாளேடு, இந்தியாவில் கயிறு ஒன்று வானில் நிமிர்ந்து நிற்க, அதில் ஏறிய சிறுவன் மறைந்துபோன காட்சியைக் கண்டவர் கூற்றாக வெளியிட்டது. அது புனைகதை என்று சில திங்களில் அவ்வேடே ஒப்புக்கொண்டது. ஆனால் கதை அதற்குள் உலகைச் சுற்றி வந்துவிட்டது. 1934இல் மேஜிக் சர்க்கிளைச் சார்ந்தோர் அவ்வித்தையைத் திறந்த வெளியில் செய்து காட்டுவோர்க்கு 500 கினி பரிசு அறிவித்தும் எவரும் அதை வென்றிலர். நடவாத நிகழ்ச்சிக்கு எழுதப்பட்ட ஒரு மதிப்புரை, நடந்த நிகழ்ச்சிகள் அனைத்தையும் சிறுமைப்படுத்திவிட்டது. வெயிலில் அமர்ந்து கிண்ணமும் பந்தும் ஆடிய இந்தியத் தெருவோரக் கலைஞரின் உண்மைத் திறனைப் பார்க்க வேண்டியவர்கள், இல்லாத கயிற்றைத் தேடி அலைந்தனர்.

மறையை உடைக்க வேண்டிய இடம்

மறைபொருளைக் காப்பது கடமை என்றோம். அக்கடமைக்கு எல்லை இல்லையா? உண்டு. வித்தைக்காரன் ‘உன்னை ஏமாற்றப் போகிறேன்’ என்று சொல்லி ஏமாற்றுகிறான். அந்த முன்னறிவிப்பே அவன் கலைக்கு அறத்தின் வாயிலைத் திறக்கிறது. அதே முறையைக் கொண்டு ‘இது தெய்வ ஆற்றல்’ என்று ஒருவன் சொல்லத் தொடங்கும்போது உடன்படிக்கை முறிகிறது. அங்கே மௌனம் காப்பவர் கலையைக் காக்கவில்லை, கயவனைக் காக்கிறார்.

இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பார் 1584இல் எழுதிய நூலில், வித்தைக்காரர்களின் முறைகளை வெளிப்படையாக விளக்கினார். சூனியக்காரிகள் எனப் பழி சுமத்தப்பட்டுப் பேதைப் பெண்கள் கொல்லப்பட்ட காலம் அது. வியப்புக்கு உரியதெல்லாம் பேயின் செயல் ஆகாது என்று காட்டவே அவர் மறையை உடைத்தார். இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் தெய்விக ஆற்றலை மெய்ப்பிப்போர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் மறையும் வரை அதனைப் பெற்றவர் எவருமிலர். 1986இல் அமெரிக்க வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, நோய்தீர்க்கும் சமயப் பேச்சாளர் பீட்டர் பாப்பாஃப் என்பவரை அம்பலப்படுத்தினார். முன்பின் அறியாத மக்களின் பெயரையும் நோயையும் இறைவன் தமக்கு அறிவிப்பதாகப் பாப்பாஃப் காட்டிக்கொண்டார். அவர் காதில் இருந்த சிறு வானொலிக் கருவியின் வழியே அச்செய்திகளைச் சொல்லியவர் அவர் மனைவி என்பதை ராண்டி ஒலிப்பதிவுடன் மெய்ப்பித்தார். மேடையில் பொழுதுபோக்காக இதனைச் செய்திருந்தால், ராண்டி அதன் முறையைக் காத்திருப்பார். நோயாளியின் நம்பிக்கை விலைபோனபோது அதனை உடைப்பதே அறமாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது யாது? மறைத்தலும் வாய்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வழியை மறைக்கலாம், தரத்தை மறைக்கலாகாது. படைப்பாளனின் உழைப்பைக் காக்கலாம். அவன் குறையைப் போர்த்தலாகாது. அறிந்தோரின் செருக்கை விடுத்து, அறியாதோரின் கண்ணையும் தன் கண்ணாகக் கொள்ள வேண்டும். மனிதர்க்குத் தீங்கு வரும் இடத்தில் எந்த இரகசியமும் புனிதமானதன்று.

இவ்வறம் வித்தைக்காரர்க்கு மட்டும் உரியதா? நம் தமிழ் எழுத்துலகமும் சிறியதே. நூல் எழுதியவரும், வெளியீட்டு விழாவில் பேசுபவரும், இதழில் மதிப்புரை வரைபவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ‘தமிழுக்குக் கிடைத்த அரிய செல்வம்’ என்று எல்லா நூலையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டு நாம் எழுந்து செல்கிறோம். அச்சொல்லை நம்பி நூலை வாங்கிய மாணவன் நாலு பக்கம் படித்து மூடிவைக்கும்போது, அவன் இழப்பது நூலின் விலையை மட்டும் அன்று. அடுத்த தமிழ் நூலின்மீது அவன் வைத்திருக்கக்கூடிய நம்பிக்கையையும் சேர்த்தே இழக்கிறான். கதையின் முடிவை நாம் மறைத்து எழுதலாம், அது நாகரிகம். கதை நன்றாக இல்லை என்பதை மறைத்து எழுதினால், விற்பவனின் விளம்பரத்துக்கும் நம் மதிப்புரைக்கும் என்ன வேறுபாடு?

பொய்த்தோற்றத்தைத் தொழிலாகக் கொண்டோரே தமக்குள் மெய்யுரைக்க ஒரு நெறி வகுத்துக்கொள்ள முடியுமாயின், மெய்யைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியரும் எழுத்தாளரும் மாணவரும் அதனினும் உயர்ந்த நெறியில் நிற்றல் இயலாததொன்றன்று. இயலும் என்பதை நாம் அடுத்து எழுதும் மதிப்புரை காட்டுவதாக.